எண்ணெய் குடித்த வில்

வெள்ளிக்கிழமை காலையில் சேதுலட்சுமி வில்லை எடுத்து இழுத்தாள்; வயலினில் சத்தமே வரவில்லை. அழுத்தி இழுத்தாள். கம்பியின் மேல் வில் வழுக்கிக்கொண்டு ஓடியதே தவிர ஒரு முனகல்கூட இல்லை. வில்லின் முடியைத் தொட்டுப் பார்த்தாள். விரல் பிசுபிசுத்தது.

“அம்மா, இதுல யாரு கை வச்சது?”

செவ்வந்தி வாசலில் உட்கார்ந்து விரல்களுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தாள். பாசி எடுக்கக் கடலில் முங்கும்போது பாறை கிழிக்காமல் இருக்க அந்தத் துணி. “நாந்தேன். நேத்து பெட்டியத் தொறந்து பாத்தேன். முடியெல்லாம் காஞ்சு வெள்ளையாப் பூத்துக் கெடந்துச்சு. தொடச்சு, எண்ணெ தடவி, சீவி வச்சேன்.”

“அது ரோசின்மா. மெழுகு மாதிரி ஒரு கட்டி இருக்குல்ல, அதத் தேச்சாத்தான் முடி கம்பியப் புடிக்கும். அதோட பொடிதான் அந்த வெள்ள.”

“குதிர முடின்னு நீதான சொன்ன?”

“குதிர முடிதான்.”

“முடின்னா எண்ணெ வேணுமா வேணாமா?”

சேது வில்லைப் பாவாடையில் துடைத்துப் பார்த்தாள். நாலாம் வகுப்புப் பிள்ளை. அழுகையை அடக்கும்போது மூக்கு மட்டும் சிவக்கும்.

செவ்வந்தியைச் சொல்லியும் குற்றமில்லை. மாதத்தில் பாதி நாள் உப்புத் தண்ணீருக்குள் கிடக்கிறவள். ஒரு நாள் எண்ணெய் வைக்காவிட்டால் தலைமுடி தேங்காய் நாராகிவிடும். அந்த வீட்டில் உலை வைக்க மறந்தாலும் மறப்பார்கள், எண்ணெய்க் கிண்ணத்தை மறக்க மாட்டார்கள். பள்ளிக்கூடத்துக்கு எட்டு வயலின் வந்து ஆறு மாதம் ஆகிறது. எட்டுப் பிள்ளைகள் கையில் எட்டு. இன்னும் இரண்டு பேர் எப்போது கிடைக்கும் என்று காத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ராமநாதபுரத்தில் மேடை. இன்றைக்கு எல்லோரையும் சேர்ந்து வாசிக்கச் சொல்லி, மேடைக்கு யார் யார் என்று பானுப்பிரியா டீச்சர் கரும்பலகையில் எழுதப் போகிறார். கருவியைக் கெடுத்தவரிடமிருந்து அதை வாங்கிக் காத்திருக்கும் பிள்ளைக்குக் கொடுத்துவிடுவேன் என்று முதல் நாளே சொன்னவர்.

“கீழ விழுந்துருச்சுன்னு சொல்லிரவாம்மா?”

“விழுந்தா கறிவேப்பில வாசம் அடிக்குமா? கெளம்பு. நானும் வாரேன்.”

“பாசிக்குப் போற வத்த போயிருமே. ஈஸ்வரி அத்த உனக்காகப் படக நிறுத்தி வைக்க மாட்டாகளே.”

“போனாப் போகுது. நாளைக்கும் கடல் அங்கனதான் கெடக்கும். தடவுனது நானு, நாந்தான வந்து சொல்லணும்.”

சுற்றிய துணியைக்கூட அவிழ்க்காமல் பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

பானுப்பிரியா டீச்சர் வில்லைத் தடவிவிட்டு விரலை முகர்ந்து பார்த்தார். “கறிவேப்பிலை போட்டுக் காய்ச்சுனதா?”

“செம்பருத்தியும் போட்டுருக்கு டீச்சர்.”

வகுப்பே சிரித்தது. “எங்க உம்மாகிட்ட சொல்லிராதீங்க டீச்சர், சாம்பிராணியும் போட்டுரும்,” என்றாள் முன்வரிசையில் இருந்த நஸீஹா.

டீச்சர் சிரிக்கவில்லை. “பாத்துக்கத் தெரியாத வீட்டுக்கு இத எப்படிம்மா நம்பிக் குடுக்குறது?”

“பாத்துக்கிட்டதாலதான டீச்சர் இந்த வினை? பாத்துக்காத வீட்டுல எவ உக்காந்து இதுக்கு எண்ணெ தடவிச் சீவுவா?” செவ்வந்தி குரலை உயர்த்தவில்லை. “பிள்ள மேல தப்பில்ல. எப்படிச் சரி பண்ணணும்னு சொல்லுங்க, பண்ணித் தாரேன்.”

டீச்சரின் கண் அவளுடைய துணி சுற்றிய விரல்களில் கொஞ்ச நேரம் நின்றது. “ஷாம்பு போட்டு அலசணும். முடி மட்டும்தான் நனையணும், கட்டையில சொட்டுத் தண்ணி படக் கூடாது. காய நேரமாகும். அதுவரைக்கும் இவ எத வச்சு வாசிப்பா?”

“விரல்ல சுண்டி வாசிக்கிறேன் டீச்சர்,” என்றாள் சேது. “மொத மாசம் வில்லு இல்லாமத்தான எல்லாரும் வாசிச்சோம்.”

எதிர்க்கடையில் ஷாம்பு பாக்கெட் ஒன்று வாங்கிக்கொண்டு செவ்வந்தி குழாயடியில் குந்தினாள். டீச்சர் முடியைத் தளர்த்திக் கொடுத்திருந்தார். கைக்குழந்தைக்குக் கண்ணில் படாமல் தலை அலசுகிற மாதிரி, கட்டையை மேலே தூக்கிப் பிடித்து, முடியை மட்டும் நுரைக்குள் விட்டாள். உள்ளே ஏழு வில்லும் ஒரே நேரத்தில் கிளம்பின. வழக்கம்போல ஒன்று முன்னால் ஓடியது, ஒன்று பின்தங்கி இழுத்தது; டீச்சரின் கைத்தட்டல் எல்லாவற்றையும் அதட்டிக்கொண்டே வந்தது. அவற்றுக்கு நடுவே ‘டொங்... டொங்...’ என்று ஒரு விரல் சுண்டியது. அவசரம் இல்லை, தயக்கமும் இல்லை. செவ்வந்தி முடியை மூன்றாம் தடவை அலசும்போது முன்னால் ஓடின வில் அந்த விரலுக்காக நின்று நின்று வர ஆரம்பித்திருந்தது. பின்தங்கினதும் வந்து சேர்ந்துகொண்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அவளுக்கு வேறொன்றும் காதில் பட்டது: கைத்தட்டல் நின்றுபோயிருந்தது. பாட்டு நிற்கவில்லை.

எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கரும்பலகையில் ஏழு பெயர்கள். அடுத்து ‘8’ என்று எண் மட்டும். அதன் பக்கத்தில் இடம் வெறுமையாக இருந்தது.

“வில்லு காயட்டும். இழுத்துப் பாத்துட்டு எழுதுறேன்,” என்றார் டீச்சர், சுண்ணாம்புக்கட்டியைக் கீழே வைக்காமல். “அதுவரைக்கும் இந்த எட்டாம் எடத்த யாரும் தொடாதீங்க. சேது, நீ நிறுத்தாத.”

கடல் பக்கமிருந்து வத்தையின் மோட்டார் சத்தம் கிளம்பி, சிறுத்து, போய்விட்டது. செவ்வந்தி திரும்பவில்லை. சுற்றுச்சுவர் ஓரமாகப் போய், மணல் படாமல் வில்லைத் தலைக்கு மேல் தூக்கிக் காற்றுக்குக் காட்டினாள். உள்ளே விரல் சுண்டிக்கொண்டிருந்தது. ஒட்டிக் கிடந்த குதிரை முடி நுனியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரிந்து, வெயிலில் வெள்ளையாக ஆட ஆரம்பித்தது.