ஜன்னலோரத் தட்டுகள்

குரூப் அசைன்மென்ட்டில் அவளுக்கு வாய்த்த இருவரில் ஒருவன் தலைவர், இன்னொருவன் தூங்குமூஞ்சி. தலைவர் பட்டத்தை அவனே சூட்டிக்கொண்டான். தூங்குமூஞ்சிக்கு வகுப்பே சேர்ந்து சூட்டியது.

வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள் என்றுதான் பேராசிரியை சொல்லியிருந்தார். ஆனால் ஒருவரைப் பார்த்து 'இதைச் செய்' என்று சொல்ல அவளுக்கு நா எழாது. சொல்வதைவிடச் செய்துவிடுவது சுலபம். உப்புத் தண்ணீரில் பயறு எப்படி வளர்கிறது என்ற சோதனை மொத்தமும் அப்படித்தான் அவள் தலையில் விழுந்தது. ஊறவைத்தது, கல்லூரிச் செடி அறையில் தட்டுகளில் விதைத்தது, தண்டுகளை அளந்தது, வரைபடம் போட்டது எல்லாம் அவள்.

முதலிடம் பிடிக்கும் குழுவிலிருந்து ஒருவரைப் பேராசிரியை தன் ஆய்வகத்தில் சேர்த்துக்கொள்வார். அந்த இடத்துக்காகத்தான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஆனால் சீட்டுக் குலுக்கலில் யார் பெயர் வருகிறதோ அவர் மட்டும்தான் குழுவுக்காகப் பதில் சொல்ல வேண்டும். அவர் வாங்கும் மதிப்பெண்தான் மூவருக்கும்.

அதனால் தாழ்வாரத்தில் இருவரையும் உட்காரவைத்துப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு வந்தா சமாளிச்சுடுவேன்," என்றான் தலைவர். "இவனுக்கு வந்தா நாம காலி. டேய், முழிச்சிருக்கியா?"

"கண்ணை மூடிட்டுக் கேக்கறேன்டா."

ஆனால் தூங்குமூஞ்சி அவள் கைபேசியிலிருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். "ஏம்மா, உப்புத் தட்டெல்லாம் ஜன்னலோரம் இருக்கு. வெறும் தண்ணித் தட்டெல்லாம் மூலையில இருக்கு. கடைசிவரைக்கும் இப்படியேவா?"

"ஆமா. வரிசையா இருந்தா அளக்கச் சுலபம்னு..."

"இருட்டுல வச்சா பயறு சும்மாவே நெடுநெடுன்னு வளருமே. அப்போ அது உயரமா வந்தது உப்பு இல்லாததாலயா, வெளிச்சம் இல்லாததாலயா?"

அவள் கைபேசியை வெடுக்கென்று வாங்கிக்கொண்டாள். "நீ முதல் நாளே வந்திருந்தா..."

"நீ கூப்பிடவே இல்லையேம்மா."

"இதைப் பத்தி உள்ளே யாரும் மூச்சு விடக்கூடாது," என்றான் தலைவர். அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

சீட்டு தூங்குமூஞ்சிக்கு விழுந்தது. பேராசிரியை திரையிலிருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாத் தட்டுக்கும் வெளிச்சம் ஒரே மாதிரி கிடைச்சுதா?"

அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள்.

"தினமும் தட்டுகளை இடம் மாத்தி வச்சோம், மேடம்."

"அட! இதுவரைக்கும் வந்த குழுவுல யாருமே இதை யோசிக்கல. யாரோட யோசனை?"

பேசக் கூடாத தலைவர் முந்திக்கொண்டான். "அவதான் மேடம். எல்லாம் அவதான் பண்ணா."

இந்த ஒரு வாக்கியத்தை யாராவது சொல்லமாட்டார்களா என்று பருவம் முழுக்க ஏங்கியிருந்தாள். அது இப்போது ஒரு பொய்க்குப் பரிசாக வந்தது. மூவரும் சேர்ந்து செய்த முதல் வேலை இந்தப் பொய்தான். வாயை மூடிக்கொண்டால் ஆய்வகம் கிடைக்கும். ஆனால் தினமும் பேராசிரியையின் முகத்தின் எதிரே உட்கார வேண்டும். திறந்தால் மூன்று பேரும் கவிழ்வார்கள். பேராசிரியை அவளைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை.

"மாத்தல, மேடம்."

"என்னம்மா? கேக்கல."

இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது. "தட்டை மாத்தவே இல்ல. வச்ச இடத்துலயே விட்டுட்டேன்."

சிரிப்பு அடங்கியது. பேராசிரியை படத்தை அணைத்தார். "ஆய்வகத்துக்கு வேற குழுவைப் பார்த்துக்கறேன். நீங்க மூணு பேரும் சேர்ந்து முதல்லேருந்து பண்ணுங்க. சேர்ந்து, புரிஞ்சுதா?"

தாழ்வாரத்தில் தலைவர் கத்தினான். "வருஷம் பூரா வாயைத் திறக்காதவ! திறக்க இன்னிக்குத்தானா நேரம் கிடைச்சுது?"

அவளுக்கு அழுகை முட்டியது. மறுபடியும் அதே செடி அறை, அதே பயறு, அதே இரண்டு பேர்.

"தட்டை எப்போ மாத்தணும்?" என்றான் தூங்குமூஞ்சி.

அவள் மூக்கை உறிஞ்சினாள். "நீ காலையில மாத்து." பிறகு தலைவரைப் பார்த்தாள். "நீ சாயந்திரம்."

"சாயந்திரமா? எனக்கு விளையாட்டு இருக்கு..."

"நீ சாயந்திரம்," என்றாள் மறுபடியும்.