பதினேழு ஆராயிகள்

...பதினேழா? ஒன்றுதானே வர வேண்டும், ஒரே ஒரு ஆராயி, அடி அண்ணாமலை ஆராயி, வெள்ளிக்கிழமை கண் அறுவைக்கு வர வேண்டியவள், அன்றைக்குப் பௌர்ணமி, கிரிவலக் கூட்டத்தில் ஊரைவிட்டு ஆட்டோ நகராது மேடம் என்று மகன் போனில் கெஞ்சினான், பதிவு எண் கேட்டால் சீட்டைக் காணோம் என்கிறான், சரி, பெயர் போதாதா, ஆராயி என்று இருந்தால் தேதியைத் திங்கட்கிழமை ஆக்கு என்று கட்டளை அடித்தாள் கீதாஞ்சலி, வேங்கிக்கால் கண் மருத்துவமனையில் ஆறு வருடமாக அடிக்கிற கட்டளைதான்... திரை கேட்கிறது: ‘17 பேரின் தேதி மாறும். உறுதி செய்யவா?’ கீழே வரிசையாகப் பெயர்கள், பழைய தேதி, புதிய தேதி. சுப்பன் மனைவி ஆராயி, முருகவேல் மனைவி ஆராயி, செங்கத்து ஆராயி, ஐயோ, இவளுக்கு நாளைக்கே அறுவை, விடியற்காலை பஸ் ஏறி வந்து நிற்பாள்... வீட்டுக்காரர் பெயரைப் போடாமல் விட்டது எப்படி, இந்த மாவட்டத்தில் ஒரே ஒரு ஆராயியா இருப்பாள்? ‘வேண்டாம்’ என்பதை அழுத்திவிட்டு, பட்டியலில் அடி அண்ணாமலைக்காரியை மட்டும் தேடி மாற்றினாள்.

எதிர் மேசையில் அறிவுமதி, இந்த மென்பொருளைப் பார்த்துக்கொள்கிற பையன், போன மாதம் அவனை என்ன கிண்டல் செய்தாள், ஏன்டா, ஒரு வரிய மாத்த ஒரு வாரமா, கலெக்டர் உத்தரவாடா எழுதற என்று. அவன் தலையைக்கூடத் தூக்கவில்லை, திரை ‘முடிந்தது’ன்னு மட்டும் சொன்னா இன்னா முடிஞ்சுதுன்னு தெரியுமாக்கா, யாருக்கு, எத்தினி பேருக்குன்னு சொல்ல வேணாமா என்றான். அந்த ஒரு வாரம் இப்போது பதினாறு பேரைக் காப்பாற்றியிருக்கிறது, இவனுக்கு எப்படிச் சொல்வது...

“அறிவு, வாடா, டீ வாங்கித் தரேன்.”

“நீங்களா? இன்னாக்கா, இன்னிக்கு மழை ஜாஸ்தியா வரப்போவுதா?”

சிரித்தாள், கண்ணில் நீர் முட்டியது, நல்லா இருடா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். போன மாதம்வரை திரையில் ‘முடிந்தது’ மட்டும்தான், அதை நம்பித்தானே அடுத்த வேலைக்குப் போனாள்... மாசியில் ஒரு பாஞ்சாலை அறுவைக்கு வந்தாளே, மாற்றுப்புடவை மூட்டையோடு, பட்டியலில் பெயர் இல்லை, தேதி எப்பவோ போயிடுச்சு, நீங்கதான் மறந்துட்டீங்க என்று இவள் அதட்ட, என் தப்புதாம்மா, எழுத்து தெரியலியே என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினாள். அவள் தப்புதானா? அதற்கு முன்னால் வேறு ஏதோ பாஞ்சாலைக்கு, பெயரை மட்டும் அடித்து, இவள் தேதி மாற்றினாளா, மாற்றவில்லையா... பதிவேட்டில் எத்தனை பாஞ்சாலைகள்?