இரட்டை வேகத்தில் ஒரு தாலாட்டு

காலையிலிருந்தே அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் இடது கண் லென்ஸை வலது பக்கம் மாட்டப் போய், முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். சாயங்காலம் அவளுடைய பாடகியின் கச்சேரி. பள்ளிக்கூடக் காலத்திலிருந்து காதிலேயே குடியிருக்கும் குரல். முதல் தடவையாக நேரில் கேட்கப் போகிறாள், அதுவும் கணவனோடு.

அவளுடைய கவலையும் அந்தக் கணவனைப் பற்றித்தான். அவனுக்கும் பாட்டுக்கும் ஏழாம் பொருத்தம். எங்கே கூட்டிப்போனாலும் பாதியில் "போலாமா?" என்று எழுந்துவிடுவான். இன்றைக்கும் எழுந்தால் அவள் தாங்க மாட்டாள்.

அவனுக்கு பேக்கரியில் ராத்திரி வேலை. இவள் வரும்போது அவன் கிளம்புவான். குடித்தனம் பாதிக்கு மேல் வாய்ஸ் மெசேஜில்தான் நடந்தது. அதிலேயே தினமும் ஒரு பாட்டை, முன்னும் பின்னும் தானே பேசி, அவனுக்கு அனுப்பிவந்தாள். "இந்த எடத்துல மூச்சப் பிடிச்சு விடுவாங்க பாருங்க, எனக்கு அழுகையே வந்துரும்." அவனும் தவறாமல் 'சூப்பர்' என்று பதில் போடுவான்.

இன்றைக்கு லீவு போட்டுவிட்டு வந்தவன், கச்சேரிக்குப் போகும் பஸ்ஸில், தான் தயாராகத்தான் வந்திருப்பதைக் காட்ட, அவளுக்கு உயிரான தாலாட்டை முணுமுணுத்தான். தாலாட்டா அது? நாய் துரத்தி ஓடுகிறவன் பாடுவது போலிருந்தது.

"என்னங்க இது, இவ்ளோ வேகமா?"

"நான் எல்லாத்தையும் ரெண்டு மடங்கு வேகத்துல வெச்சுத்தான கேப்பேன். மாவு பிசையுற நேரத்துல வேற எப்படி?"

"நான் பேசுறதையுமா?"

அவன் மெல்லத் தலையாட்டினான்.

அவளுக்குச் சுருக்கென்றது. பாட்டு கிடக்கட்டும். இத்தனை நாள் மனசுவிட்டுப் பேசியதெல்லாம் அவன் காதில் கடகடவென்று ஓடிப் போயிருக்கிறதே! ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தனியாகவே வந்திருக்கலாம் என்று தோன்றியது. கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

சமாதானம் பேச அவனுக்குத் தெரியாது. போனை எடுத்து, அவளுடைய பழைய மெசேஜ்களை வேகம் குறைத்துப் போட்டு, இயர்போனைச் செருகிக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் நெற்றி சுருங்கியது.

"கடைய விட்டு நின்னுடலாமான்னு கேட்டிருக்கியே. நான் என்ன சொன்னேன்?"

"சூப்பர்னீங்க."

அவன் அடுத்த மெசேஜைப் போட்டான். அரங்கம் வந்துவிட்டது. பஸ்ஸில் பாதிப் பேர் எழுந்தார்கள். அவளும் எழுந்தாள், அவன் அசையவில்லை.

"இரு, நீ இன்னும் பேசி முடிக்கல."

"பேசுறவ இங்கதான் நிக்கிறேன், எறங்குங்க மொதல்ல!" கையைப் பிடித்து இழுத்து இறக்கினாள்.

வாசலை அடைவதற்குள் கூட்டத்தின் கூச்சல் காதை அடைத்தது. உள்ளே முதல் பாட்டு தொடங்கிவிட்டது. அவள் ஓட எத்தனித்தாள். அவன் இயர்போனைக் கழற்றினான்.

"அந்தக் கடைல என்னதான் நடக்குது? மெதுவாச் சொல்லு."

இத்தனை வருஷம் காத்திருந்த குரல் உள்ளே பாடிக்கொண்டிருந்தது. அவள் வாசலிலேயே நின்று சொல்ல ஆரம்பித்தாள்.