தலைவர் வீட்டுக் கலயம்

என் புருஷன் ஆவுடையப்பனைப் பற்றி ஆலங்குடிப் பக்கம் யாரைக் கேட்டாலும் நல்லவிதமாகத்தான் சொல்வார்கள். இல்லை என்று சொல்லத் தெரியாத மனுஷன் என்பார்கள். நானும் மறுக்கமாட்டேன். அவர் கொடுத்ததெல்லாம் எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஊருக்கு அது தெரியாது.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பகல் சோறு போட ஆரம்பித்த சமயம். சர்க்கார் கொஞ்சம் கொடுக்கும், மீதியை ஊர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். ஊரில் எல்லாரும் வானம் பார்த்த பூமியில் கடலை போடுகிறவர்கள். பணம் கொடு என்றால் எங்கே போவார்கள்? அதனால் பிடி அரிசி என்று முடிவு செய்தார்கள். சோறாக்குகிற ஒவ்வொரு வீட்டிலும் உலையில் அரிசியைப் போடுவதற்கு முன்னால் ஒரு பிடி எடுத்து, அடுப்பங்கரைக் கலயத்தில் போட்டுவிட வேண்டும். சனிக்கிழமை அந்தக் கலயத்தைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போனால் எல்லார் முன்னாலும் அளந்து கொட்டிக்கொள்வார்கள். ஒரு பிடி குறைவதால் எந்த வீட்டிலும் வயிறு காயாது. ஊர்ப் பிடியெல்லாம் சேர்ந்தால் ஒரு பள்ளிக்கூடமே பசியாறும். நல்ல ஏற்பாடு. அதை நான் இன்றைக்கும் குறை சொல்லமாட்டேன்.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு கமிட்டி போட்டார்கள். கமிட்டிக்குத் தலைவர் என் புருஷன்.

"நம்ம வீட்டுல ரெண்டு பிடியாப் போடு சொர்ணம்" என்றார் முதல் நாளே. "தலைவர் வீட்டுக் கலயமும் மத்தவங்க கலயமும் ஒண்ணாவா இருக்கும்?"

போட்டேன். அந்த வருஷம் கடலை நன்றாகக் காய்த்திருந்தது. இரண்டு பிடி என்ன, மூன்று பிடிகூடப் போட்டிருக்கிறேன், மனசோடுதான்.

அடுத்த வருஷம் ஆடியில் போட்ட கடலை பூவிலேயே கருகியது. ஐப்பசியிலும் மழை இல்லை. ஊரில் ஒவ்வொரு வீடாகச் சோறாக்குவதை விட்டுவிட்டுக் கேப்பைக்கும் வரகுக்கும் இறங்கியது. உலையில் அரிசியே விழாத வீட்டில் பிடி அரிசி ஏது? பாதி வீடுகளில் கலயத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டார்கள். யாரும் யாரையும் ஏன் என்று கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்த வறுமையில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

எங்கள் வீட்டில் மட்டும் கலயம் கவிழவில்லை. நாங்களும் கேப்பைக் கூழுக்கு வந்துவிட்டோம். ஆனால் அவர் கடைக்காரர் செபமாலையிடம் கடன் சொல்லி அரிசி வாங்கி வருவார். வாங்கி வந்த அரிசி அடுப்புக்குப் போகாமல் நேரே கலயத்துக்குப் போகும். எங்கள் வீட்டு அரிசி பள்ளிக்கூடத்தில்தான் சோறானது.

"தனக்கு மிஞ்சித்தானேங்க தானமும் தருமமும்" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"அது மத்தவங்களுக்கு. நம்ம கலயம் கவுந்துச்சுன்னா அப்புறம் எவன் வீட்டுக் கலயம் நிமிரும்? பள்ளிக்கூடத்து அடுப்பே அணைஞ்சு போகும்."

அவர் சொன்னது பொய் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்று மற்றவர்களைத்தான் கேலி செய்வார்கள். எங்கள் வீட்டில் கூழ் எங்களுக்கு, மீசை அவருக்கு என்று பிரித்துக்கொண்டோம்.

எங்களுக்கு ஒரே பிள்ளை, அமிர்தவல்லி. மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். காலையில் ஒரு கும்பா கூழைக் குடித்துவிட்டுப் போனால் இனி ராத்திரிதான். மத்தியான மணி அடித்ததும் மற்ற பிள்ளைகள் பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் வரிசையாக உட்காருவார்கள். இவள் "வீட்டுக்குச் சாப்பிடப் போறேன்" என்று சொல்லிவிட்டு வருவாள். வந்து ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போவாள். வாயை ஏன் துடைத்தாள் என்று எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்த அன்று அடுப்பங்கரையில் உட்கார்ந்து அழுதேன்.

ஒருநாள் கரும்பலகையைத் துடைக்க எழுந்தவள் அப்படியே மயங்கி விழுந்துவிட்டாள். ரெங்கராஜ் வாத்தியார் தூக்கிக்கொண்டு வந்து வீட்டில் போட்டார். அவர் நாசூக்கான மனுஷர். என் புருஷனிடம் பக்குவமாகத்தான் சொன்னார்.

"வெயில்ல வீட்டுக்கு வந்துட்டுப் போறது புள்ளைக்கு அலைச்சலா இருக்குங்க. மத்தியானம் அங்கேயே மத்த புள்ளைகளோட ஒக்காந்து சாப்பிடட்டுமே."

"அது வேணாம் சார். நாங்க போடுற கை. ஏந்துற கை இல்ல."

வாத்தியார் மோரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அந்த மோரும் பக்கத்து வீட்டில் வாங்கியது. அவர் போன பிறகு நான் என் புருஷனிடம் அதையே திரும்பக் கேட்டேன். "கண்ட கண்ட புள்ளைகளோட எம்மக வரிசையில ஒக்காரணுமா? அடுத்த சனிக்கிழமை நான் எப்படி அங்க போயி அளப்பேன்?" என்றார். பெற்ற பிள்ளை மயங்கிக் கிடக்கும்போது சனிக்கிழமையைப் பற்றிக் கவலைப்பட்ட தகப்பனை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மறுநாள் நான் பள்ளிக்கூடத்துச் சமையல் கொட்டகைக்குப் போனேன். சமைக்கிறவள் இன்னாசியம்மாள். ஆவூர்க்காரி, புருஷன் இல்லாதவள், வாய் கொஞ்சம் காரம். விஷயத்தைச் சொல்லி, அமிர்தத்துக்கு யாருக்கும் தெரியாமல் ஒரு கவளம் கொடுக்கச் சொன்னேன்.

"அதுல பாதி ஒங்க வீட்டு அரிசிதான் சொர்ணம், நான் ஏன் இல்லைங்கப் போறேன்?" என்றாள். "ஆனா அடுப்புக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சுக் குடுக்கமாட்டேன். ஒளிஞ்சு தின்னா புள்ளை அதைத் திருட்டுச் சோறுன்னு நெனைக்கும். வரிசையில வந்து ஒக்காரச் சொல்லு. வயிறு ரொம்பப் போடுறேன்."

உட்காரச் சொன்னேன். அப்பாவிடம் சொல்லாதே என்றும் சொன்னேன். வாத்தியாரும் பார்த்தார், பார்க்காத மாதிரி இருந்துவிட்டார். சாயங்காலம் வந்ததும் அமிர்தம் என் காதோரம் வந்து அன்றைய சமாசாரத்தைச் சொல்லுவாள்.

"இன்னைக்குச் சாம்பார்ல பூசணிக்கா ஆத்தா. ரெண்டாந்தடவ கேட்டேன். இன்னாசியம்மா திட்டவே இல்ல."

எனக்கே சாப்பிட்ட மாதிரி இருக்கும். கொஞ்ச நாளில் அவள் கன்னத்தில் சதை பிடித்தது. ஓடியாடித் திரிந்தாள், வாய்ப்பாட்டைச் சத்தம் போட்டுச் சொன்னாள். அவருக்கும் அது கண்ணில் பட்டது.

"பாத்தியா, புள்ள தேறிட்டா. தருமம் தலைகாக்கும்னு சும்மாவா சொன்னாங்க? கலயத்துல போட்டது நம்ம புள்ள ஒடம்புல தெரியுது."

"ஆமாங்க, தெரியுது" என்றேன். சிரிப்பை அடக்க அடுப்பை ஊதினேன். அந்த வருஷத்தில் நான் சிரித்தது அந்த ஒருதடவைதான்.

தை மாதம் பள்ளிக்கூடத்தில் விழா வைத்தார்கள். பஞ்சத்திலும் அடுப்பு அணையாத பள்ளிக்கூடம் என்று கேள்விப்பட்டு, புதுக்கோட்டையிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் ஜீப்பில் வருகிறார் என்றார்கள். மாவிலைத் தோரணம், வாழைமரம், அன்றைக்கு மட்டும் பாயசம். பிடி அரிசி போடுகிற வீட்டுப் பொம்பிளைகளுக்கு ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். நானும் போய் உட்கார்ந்தேன். "இன்னைக்கு மட்டும் மணி அடிச்சதும் வீட்டுக்குப் போயிரு" என்று அமிர்தத்திடம் காலையிலேயே சொல்லியிருந்தேன். ஆனால் வரிசை நீளமாகத் தெரிய வேண்டும் என்று வழக்கமாகச் சாப்பிடுகிற பிள்ளைகளை ஒருவர் விடாமல் முன்கூட்டியே உட்காரவைத்துவிட்டார்கள். எல்லாருக்கும் வாழையிலை போட்டிருந்தது. அமிர்தம் நடுவில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து, எழுந்திரிக்கட்டுமா என்று கண்ணாலேயே கேட்டாள். இரு என்று நானும் கண்ணால் சொன்னேன். அவர் அதிகாரியோடு முன்பக்கம் இருந்தார். பரிமாறுவது இன்னாசியம்மாள்தானே என்று தைரியம்.

அதிகாரி நல்ல மனுஷர்தான். நல்லது நினைத்துத்தான் சொன்னார். "கொடுத்தவங்க கையாலயே இன்னைக்குப் பரிமாறட்டுமே. தலைவர் மொதல்ல வாங்க."

என் புருஷன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சோற்று வாளியைத் தூக்கினார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். கல்யாணத்தன்றைக்குக்கூட அந்த முகத்தை நான் பார்க்கவில்லை. ஒவ்வொரு இலையாகக் குனிந்து குனிந்து போட்டுக்கொண்டு வந்தார். "நல்லாச் சாப்பிடு அப்பு, கூச்சப்படாமச் சாப்பிடு" என்று பிள்ளைக்குப் பிள்ளை சொன்னார். அமிர்தத்துக்குப் பக்கத்தில் இருந்தது முனியசாமி மகன். அவனுக்குக் குழி பறித்துச் சாம்பார் விடுகிற மாதிரி அள்ளிப் போட்டார். அடுத்த இலைக்குக் குனிந்தார். இலைக்குப் பின்னால் இருந்த முகத்தைப் பார்த்தார்.

கரண்டி வாளிக்குள்ளேயே நின்றது. பிறகு அவர் நிமிர்ந்து, அந்த இலையைத் தாண்டி, அடுத்த பிள்ளைக்குப் போட்டார்.

பின்னால் வந்த அதிகாரி கவனித்துவிட்டார். "இந்தப் புள்ளைக்குப் போடாம விட்டுட்டீங்களே."

"அது நம்ம வீட்டுப் புள்ளைங்க" என்றார் என் புருஷன் சிரித்துக்கொண்டே. "வீட்டுல சாப்பிட்டாச்சு. மத்த புள்ளைகளோட வேடிக்கைக்கு ஒக்காந்திருக்கு."

அதிகாரி குனிந்து, "அப்படியாம்மா? சாப்பிட்டாச்சா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்துவிட்டேன். எழுந்து எல்லாவற்றையும் கொட்டிவிடுவதென்றுதான் இருந்தேன். அதற்குள் அவள் அப்பாவின் முகத்தை ஒருதடவை பார்த்துவிட்டு, தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

"ஆமா சார். நான் சாப்பிட்டேன்."

இனி நான் பேசினால் அத்தனை பேர் முன்னால் அவளல்லவா பொய்க்காரி ஆவாள்? இன்னாசியம்மாள் கொட்டகை வாசலில் கரண்டியோடு நின்று என் புருஷனை முறைத்தாள். வாத்தியார் தோரணத்தை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் வரிசைக்குள் நடந்து போய்ப் பிள்ளையின் கையைப் பிடித்தேன். அவள் தன் இலையையும் சுருட்டி எடுத்துக்கொண்டு எழுந்தாள். நாங்கள் தெருவில் வரும்போது பின்னால் கைதட்டுகிற சத்தம் கேட்டது. அவருக்குக் கதர்த்துண்டு போர்த்தியிருப்பார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கலயத்தை எடுத்தேன். அந்த வாரத்து அரிசி முழுவதையும் களைந்து உலையில் போட்டேன். நெய்யில்லை, குழம்பில்லை, வெறும் சோறும் புளித்தண்ணியும். அவள் கொண்டுவந்த இலையையே விரித்து, ஆவி பறக்கப் போட்டு, "சாப்பிடு கண்ணு" என்றேன்.

"நான் சாப்பிட்டேன் ஆத்தா."

"எங்கடி சாப்பிட்ட?"

"சாப்பிட்டேன்."

அழவில்லை, கோபப்படவில்லை. சொல்லிவிட்டு வாசலுக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். கெஞ்சினேன், அடிக்கக் கை ஓங்கினேன். அதே பதில்தான்.

அவர் மாலையும் துண்டுமாக வந்தார். அங்கே எல்லாருக்கும் போட்டுவிட்டுத் தான் மட்டும் உட்கார்ந்து சாப்பிட முடியாது என்று பட்டினியாகவே வந்திருந்தார். வீட்டில் சோற்று வாசனை. விரித்திருந்த இலை முன்னால் உட்கார்ந்து பிசைய ஆரம்பித்தார். நாலைந்து கவளம் உள்ளே போகட்டும் என்று காத்திருந்தேன்.

"கலயத்து அரிசிங்க அது" என்றேன். "எலையும் பள்ளிக்கூடத்து எலை. நீங்க தாண்டிப் போனீங்களே, அதே எலை. புள்ள வேணாம்னுட்டா. நீங்க சாப்பிடுங்க."

கை நின்றது. அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். பசி அவரையும் விடவில்லை. கை கழுவிவிட்டு வந்து, மகளிடம் ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன்.

"காலையில செபமாலை கடையில அரிசி வாங்கியாறேன்" என்றார். "சனிக்கிழமை அளக்கும்போது குறையக்கூடாது."

மறுவருஷம் மழை பெய்தது. வீட்டில் திரும்பவும் இரண்டு வேளை சோறு. நான் இப்போது பிடி அரிசி எடுப்பதில்லை, அவரே எடுத்துப் போடுகிறார், இரண்டு பிடி. இன்னாசியம்மாள் வழியில் பார்க்கும்போதெல்லாம் பிள்ளையை வரிசைக்கு அனுப்பு என்கிறாள். அமிர்தம் போவதில்லை. வீட்டிலும் ஒரு கரண்டி விழுந்தவுடன் இலையின் மேல் கையை விரித்து மறைத்துக்கொள்கிறாள். இன்னும் கொஞ்சம் என்றால், "நான் சாப்பிட்டேன்" என்கிறாள், அதிகாரியிடம் சொன்ன அதே குரலில். பக்கத்து இலையில் அவர் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.