கதவோரத்து நாற்காலி

அழு கண்ணே, இன்னும் சத்தமாக அழு. உன் அம்மாவைப் பெற்றவளின் காது கிழியட்டும். நான் வாயைத் திறக்கப் போவதில்லை.

மனசுக்குள் இப்படிச் சொல்லிக்கொண்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல், அவள் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். உள்ளறையில் ஆறு வாரக் குழந்தை வீறிட்டது. சாத்திய கதவை ஒட்டி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள் நாத்தனார். மடியில் சமையலறை டைமர். பக்கத்துச் சுவரில் சாய்ந்து நின்றாள் நாத்தனாரின் மகள் சிட்டு, குழந்தையைப் பெற்றவள்.

நாத்தனார் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். குடும்பத்தில் எல்லாரும் முதுகுக்குப் பின்னால் அவளை 'அலாரம்' என்பார்கள். "எங்க அக்கா பொறந்தப்ப அழவே இல்லையாம், மணிதான் அடிச்சுதாம்" என்று இவள் கணவனே சொல்லிச் சிரிப்பான். அக்காவின் எதிரில் மட்டும் பெட்டிப்பாம்பு.

நாத்தனாரை இவள் கூப்பிடுவது அண்ணி என்று. குழந்தை வளர்ப்புக்கும் அண்ணியிடம் ஒரு டைம்டேபிள் உண்டு. மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை பால். நடுவில் எவ்வளவு அழுதாலும் தூக்கக் கூடாது. சிட்டு இரண்டு நாளாக அதற்கு முரண்டு பிடிக்கிறாளாம். காலையிலேயே போன் வந்துவிட்டது. "நீ வந்து ஒரு வார்த்தை சொல்லு. நான் சொன்னபடி வளத்தவ நீ ஒருத்திதான்."

அவள் காப்பகத்துக்கு லீவு சொல்லிவிட்டு வந்தாள். பன்னிரண்டு குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. ஒரு நாளும் லீவு போடாதவள். ஆனால் இந்தக் காட்சிக்குப் பதினான்கு வருஷமாகக் காத்திருந்தாள், எப்படி வராமல் இருப்பாள்?

அன்றைக்கு, மகன் பிறந்த புதிதில், அவள் வீட்டிலும் இதே போலத்தான். அண்ணி இரண்டு மாத லீவில் வந்து, இதே போலக் கதவை ஒட்டி உட்கார்ந்தாள். "ஆயிரம் பிள்ளைங்களைப் பாத்தவங்க, அவங்களுக்குத் தெரியாதா?" என்று கணவன் பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டான். உள்ளே பிள்ளை அழ அழ இவளுக்கு மார்பு கடுத்து ரவிக்கை நனையும். ஒரு தள்ளுத் தள்ளியிருந்தால் அந்த நாற்காலி நகர்ந்திருக்கும். தள்ளவில்லை. இருபத்திரண்டு வயது. பயம்.

அப்போதெல்லாம் கொல்லைப் பக்கம் போய்விடுவாள். கொடியில் காய்கிற பிள்ளையின் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து, வெயில் சூடு ஆறுவதற்குள் முகத்தில் ஒற்றிக்கொள்வாள். பாலும் சோப்பும் கலந்த அந்த வாசனையில் கண் தானாக மூடும். கை கூப்பத் தோன்றும். சாமி இருக்கிறது என்று எந்தக் கோயிலிலும் வராத நிச்சயம் அங்கே வந்தது, ஒரு முழத் துணியில். பத்தடி தள்ளிக் கதவுக்கு அந்தப் பக்கம் அது உயிரோடு கதறிக்கொண்டிருந்தது. தன் சாமியைத் தான் தொட, இன்னொருத்தியிடம் நேரம் கேட்டு நின்றாள்.

அதற்குப் பிறகு பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் அண்ணிக்கு வசனம் எழுதினாள். எத்தனையோ வசனம். ஒவ்வொன்றும் நறுக்கென்று நாலு வார்த்தை. விம் கட்டி கரைந்ததே தவிர, ஒன்றையும் பேசியதில்லை.

"ஏம்மா, சும்மா உக்காந்திருந்தா எப்படி?" என்றாள் அண்ணி. "உம் பையன் எப்படி வளந்திருக்கான், இவகிட்ட சொல்லு."

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். சிட்டுவின் சட்டையில் இரண்டு ஈர வட்டங்கள் பெரிதாகிக்கொண்டிருந்தன. அவற்றை மறைக்க அவள் கைகளைக் கட்டிக்கொண்டாள். இவளுக்கு அந்தக் கை கட்டல் தெரியும்.

வேடிக்கை பார்க்க வந்தோமே, யாருடைய வயிற்றெரிச்சலை? நினைத்ததும் உடம்பு கூசியது. கோபம் மட்டும் குறையவில்லை. அது இன்னும் நேராக நிமிர்ந்து உட்கார்ந்தது.

"சொல்றேன் அண்ணி," என்றாள். "போன மாசம் வேலை முடிஞ்சு வந்தப்ப, பின்னாடி ஒரு படுக்கை விரிப்பு காயுது. யாரு தொவைச்சதுன்னு கேட்டேன். பையன்தான். மத்தியானம் காய்ச்சல் வந்து, படுக்கையிலேயே வாந்தி எடுத்திருக்கான். அவனே எந்திரிச்சு, தொவைச்சு, காயப் போட்டு, திரும்பப் படுத்திருக்கான். காப்பகம் ரெண்டு தெரு தள்ளி. போன் அவன் தலைமாட்டுலயே இருந்துச்சு."

"பாத்தியாடி!" அண்ணி மகளின் பக்கம் திரும்பினாள். முகமெல்லாம் பூரிப்பு. "பதினாலு வயசுப் பையன்! எவ்வளவு பொறுப்பு! இதுக்குத்தான் தலபாடா அடிச்சுக்கறேன்."

சிட்டு அம்மாவைப் பார்க்கவில்லை. "ஏன் அத்தை, உங்களைக் கூப்பிடலை?"

"நானும் கேட்டேன். 'கூப்பிடணும்னு தோணவே இல்லம்மா'ன்னான். சண்டை எதுவும் இல்லை. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான்."

உள்ளே அழுகை உடைந்து, விக்கலாகி, தேய்ந்தது.

"ஆங், அடங்கிடுச்சு" என்றாள் அண்ணி வெற்றியோடு. "அழுது பாத்துட்டு, யாரும் வர மாட்டாங்கன்னு தெரிஞ்சுக்கிச்சு. அவ்வளவுதான் விஷயம்."

சொன்னது தன் காதிலேயே விழாதவளைப் போல டைமரைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

சிட்டு சுவரை விட்டு நகர்ந்தாள். "அம்மா, எந்திரி."

"இன்னும் பதினோரு நிமிஷம் இருக்கு."

"எந்திரின்னு சொல்றேன்ல."

அண்ணியின் முகம் சிவந்தது. நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிறகு சோபாவின் பக்கம் திரும்பி, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் கெஞ்சுகிற குரலில் பேசினாள். "நீ இவளைக் கொஞ்சம் கூட்டிட்டுப் போய் அந்தப் பக்கம் உக்கார வையேன். நல்லதுக்குத்தான்னு எடுத்துச் சொல்லு. நீயே அன்னைக்குப் பேசாம உக்காந்திருந்தவதானே? நீ சொன்னா கேப்பா."

எழுதி வைத்த வசனங்களில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. தேடவும் இல்லை.

அவள் எழுந்துபோய் நாற்காலிக்குப் பக்கத்தில், சிட்டுவின் தோளை ஒட்டி நின்றாள்.

"மாட்டேன், அண்ணி" என்றாள், உள்ளே இருக்கிற பிள்ளை திடுக்கிட்டுவிடாதபடி, மெல்ல.