பதினோரு மணி பார்ட்டி

வெள்ளிக்கிழமை காலை பாபநாசத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் தங்கம்மாள் புருஷனிடம் மூன்றாவது தடவையாகச் சொன்னாள்.

"வண்டியைப் பார்த்ததும் பல்லைக் காட்டிடாதீங்க. நமக்குப் பிடிச்சிருக்குன்னு தெரிஞ்சா அந்தக் கார் புரோக்கரு விலையை ஏத்திடுவான்."

"சரி தங்கம்" என்றார் முருகையன். பதினெட்டு வருஷம் அடுத்தவர் லாரியை ஓட்டியவர் அவர். திருத்துறைப்பூண்டி கடைத்தெருவில் சொந்தமாக ஒரு வாடகைக் கார் நிறுத்த வேண்டுமென்று கனவில்கூட ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். குறுவை நெல் விற்ற காசும் கூட்டுறவு பேங்க் கடனும் தங்கம்மாளின் மஞ்சள் பையில் இருந்தன. பை அவள் இடுப்பில் இருந்தது.

பேரம் அவளுக்குப் புதிதல்ல. கூலிப் போராட்டம் நடந்த வருஷங்களில் தாலுகா ஆபீசில் மிராசுதார்களுக்கு எதிரே நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அரைப்படி நெல்லுக்காக மூன்று நாள் பேசியவள். தங்கம்மா வந்திருக்கிறாள் என்றால் பண்ணைக் காரியக்காரர்கள் வெற்றிலையைத் துப்பிவிட்டு நிமிர்ந்து உட்காருவார்கள்.

ஆனால் அன்றைக்குப் பல்லைக் காட்டியது அவள்தான்.

குடமுருட்டிக் கரை மேட்டில், தகரக் கொட்டகைக்கு முன்னால் அந்த அம்பாசடர் நின்றது. பாலாடை நிறம். பம்பரில் அவள் முகம் பூசணிக்காய் மாதிரி அகலமாகத் தெரிந்தது. அதைப் பார்த்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையை வாயில் வைத்து இருமுவதுபோல் சமாளித்தாள்.

புரோக்கர் சிங்காரவேலு பார்த்துவிட்டார். நாலு மோதிரமும் ஜவ்வாது வாசனையுமாக ஓடி வந்தார்.

"வாங்கண்ணே, வாங்கக்கா! உங்களுக்குன்னே நிக்குது பாருங்க. மிராசுதார் வீட்டு வண்டி. ஒரே ஓனர். அறுப்புக் களத்துக்கும் கோயிலுக்கும் தவிர வேற எங்கயும் போனதில்ல. பின் சீட்டுல அந்த வீட்டு ஆளுங்களத் தவிர ஒருத்தர் உக்காந்ததில்ல!"

தங்கம்மாள் பின்கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தாள். இந்த மாதிரி வண்டிகள் வரப்போரம் புழுதி கிளப்பிக்கொண்டு வந்து நின்றதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள், கையில் அரிவாளும் வாயில் கோஷமுமாக. உள்ளே இவ்வளவு மெத்தென்று இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. ஒருதரம் லேசாகக் குதித்துப் பார்த்தாள். ஸ்பிரிங் தூக்கிப் போட்டது. மனசு பஞ்சாகப் பறந்தது. முகத்தை மட்டும் கடுகடுவென்று வைத்துக்கொண்டாள்.

வெளியே சிங்காரவேலு முருகையனின் கையில் சாவியைத் திணித்து, தோளில் கை போட்டு ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். "பொம்பளைங்களுக்கு இன்ஜினைப் பத்தி என்னண்ணே தெரியும்? நீங்க தொழில்காரர். நம்ம ரெண்டு பேருக்குள்ள முடிச்சுக்குவோம். அம்பத்தஞ்சாயிரம். பத்தரைக்கு ராகுகாலம் பொறக்குது, அதுக்குள்ள அட்வான்ஸைக் குடுத்திடுங்க."

தங்கம்மாள் ஜன்னல் வழியே தலையை நீட்டினாள். "எங்க கல்யாணமே ராகுகாலத்துல நடந்ததுதாங்க. மாலையை மாத்திக்கிட்டோம், சங்கத் தலைவரு அரைமணி நேரம் பேசுனாரு, முடிஞ்சுது. இருபத்தாறு வருஷமா நல்லாத்தான் இருக்கோம். நீங்க நிதானமாப் பேசுங்க."

சிங்காரவேலு கொட்டகைப் பக்கம் திரும்பிக் கையைத் தட்டினார். அவ்வளவுதான். உடனே கலர் சோடா வந்தது, முறுக்கு வந்தது, வண்டிக்கு ஒரு மாலையும் வந்தது. வேண்டாம் வேண்டாம் என்பதற்குள் பானெட்டில் சந்தனம் பூசிவிட்டார். "பொட்டு வச்சாச்சு, இனிமே இது உங்க வீட்டுப் பொண்ணு! நீங்க விட்டுட்டுப் போனா, பதினோரு மணிக்குக் கும்பகோணத்து பார்ட்டி வர்றாரு. முழுப் பணத்தோட வர்றாரு. அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

சொல்லி வாய் மூடவில்லை, பார்ட்டி வந்துவிட்டார். தோள்பட்டை இறங்கிய வெள்ளைச் சட்டை, கக்கத்தில் தோல் பை. வண்டியைச் சுற்றி ஒரு வட்டம் வந்து, "ஆங்! அறுபதுக்கு எடுத்துக்கிறேன்!" என்றார், மனப்பாடப் பாட்டு ஒப்பிப்பதுபோல்.

முருகையனின் முகம் வாடியது. "தங்கம், குடுத்திடலாமா?" என்று கெஞ்சினார்.

தங்கம்மாள் வந்தவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். கால் வெறும் கால். விரல் நுனியில் கடலை மாவு. கிட்டே வந்தபோது வடைச்சட்டி வாசனை. பேச்சுவார்த்தை மேசையில் இதைவிடப் பெரிய வேஷமெல்லாம் பார்த்தவள் அவள்.

"ரொம்ப சந்தோஷங்க" என்றாள் கணீரென்று. "ஐயா கூடுதலாத் தர்றாரு, அவருக்கே குடுங்க. ஏங்க, சாவியை ஐயாகிட்ட குடுங்க. ஐயா, ஸ்டார்ட் பண்ணுங்க. எனக்கு இந்த வண்டியில ஒரு சுத்துப் போகணும்னு ஆசை. அதுக்கப்புறம் நாங்க பஸ்ஸைப் புடிச்சுப் போயிடுறோம்."

வெள்ளைச் சட்டைக்காரர் சிங்காரவேலுவைப் பார்த்தார். சிங்காரவேலு ஆகாயத்தைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் மனிதர் முன்சீட்டில் ஏறி, கைக்கு அகப்பட்டதையெல்லாம் திருகினார். வைப்பர் ஆடியது. ஹாரன் அலறியது. கடைசியில் கைப்பிரேக் விடுபட்டது.

வண்டி மெதுவாக, சத்தமே இல்லாமல், கரையிலிருந்து கீழே நெற்களத்துக்கு இறங்கும் சரிவில் உருளத் தொடங்கியது.

"பிரேக்! பிரேக்கை மிதி!" என்று முருகையன் கத்திக்கொண்டு ஓடினார்.

"மிதிக்கிறேங்க! தரையோட தரையாப் போவுதுங்க!" அவர் ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "அம்மா, நான் பார்ட்டியெல்லாம் இல்லம்மா! துரைக்கண்ணும்மா! எதிர்த்தாப்புல டீக்கடை! சட்டைகூட அவருதுதாம்மா! பத்து ரூபா தர்றேன்னாரு!"

சரிவில் வேகம் பிடித்தது. கோழிகள் பறந்தன. களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்த பெண்கள் முறத்தைப் போட்டுவிட்டு ஒதுங்கினார்கள். ஜன்னல் வழியே காற்று அடித்துத் தங்கம்மாளின் கொண்டையை அவிழ்த்தது. பயப்பட வேண்டிய நேரம் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் வாயிலிருந்து வந்தது, பதினாறு வயசில் ஆற்றில் குதிக்கும்போது வந்த அதே கூச்சல்.

பொத்தென்று வண்டி வைக்கோல் போருக்குள் மூக்கை நுழைத்து நின்றது. நாலு ஜன்னல் வழியாகவும் வைக்கோல் உள்ளே வந்தது.

முருகையன் மூச்சிரைக்க வந்து கதவைப் பிடித்தார். "தங்கம்! அடி பட்டுச்சா?"

தலையெல்லாம் வைக்கோலோடு அவள் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். "ஏங்க, இன்னொரு தடவை போலாமா?"

களத்துப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். துரைக்கண்ணு இறங்கி, உடம்பெல்லாம் சரியாக இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு, நடந்ததை யாரும் கேட்காமலே எல்லோருக்கும் சொன்னார். சிங்காரவேலு வேர்த்துப்போய் வந்து சேர்ந்தார்.

"இறங்குங்கக்கா, பேசிக்கலாம்."

"நான் எதுக்கு இறங்கணும்? வண்டி எங்க வீட்டுப் பொண்ணுன்னு சொல்லிப் பொட்டு வச்சீங்க. நாப்பது. பிரேக்கை இன்னைக்கே உங்க செலவுல போட்டுத் தரணும்."

"நாப்பதா! என் வயித்துல அடிக்கிறீங்களே!"

தங்கம்மாள் சீட்டில் காலை மடக்கி, தாலுகா ஆபீசில் உட்காருவதுபோல் உட்கார்ந்தாள். மடியிலிருந்த முறுக்கை எடுத்துக் கடித்தாள். நிதானமாக மென்றாள்.

"பிரேக்கு இல்லாத வண்டியை அம்பத்தஞ்சுக்கு விக்கப் பாத்தியேய்யா!" என்று ஒரு பெண் குரல் கொடுத்தாள். சிரிப்பு அலை களத்தைச் சுற்றி வந்தது. வைக்கோலுக்குச் சொந்தக்காரரும் வந்து, கலைந்த போரை யார் மறுபடி போடுவது என்று கேட்க ஆரம்பித்தார். மூன்றாவது முறுக்கில் சிங்காரவேலு இறங்கிவந்தார். நாற்பத்தோராயிரம், பிரேக் வேலை அவர் செலவு, துரைக்கண்ணுவின் பத்து ரூபாயும் அங்கேயே அப்போதே.

மெக்கானிக் வந்து பிரேக்கைச் சரிசெய்து, முருகையன் நாலு தடவை மிதித்துப் பார்த்துக் கிளம்பும்போது வெயில் சாய்ந்திருந்தது. வழி நெடுக அவர் பாட்டாகப் பாடினார். ஆடு மாடு எதுவும் குறுக்கே வராதபோதும் ஹாரன் அடித்தார். அவள் தடுக்கவில்லை.

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தது. ஓரத்தில் கைக்குழந்தையோடு ஒரு தம்பதி நின்றார்கள். கணவன் வந்து குனிந்தார். "அண்ணே, என் பேரு ஹாஜா மைதீன். மன்னார்குடி போவணும். பஸ்ஸை விட்டுட்டோம். வாடகைக்கு வருமா?"

முருகையன் பழக்கதோஷத்தில் மனைவியைப் பார்த்தார்.

"அம்பது ரூபா" என்றாள் தங்கம்மாள்.

"நாப்பது குடுத்துக்கிறேங்க்கா. புள்ளைக்கு ஊசி போட்டுட்டு வர்றோம்."

"முப்பது குடுங்க போதும்" என்றாள் அவள், கதவைத் திறந்து குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டே. "ஏறும்மா, நல்லா சாஞ்சு உக்காரு. ஸ்பிரிங்கு எப்படித் தூக்குது பாரு!"

முருகையன் திரும்பி அவளைப் பார்த்தார். பாடுவதைக்கூட மறந்துவிட்டார்.

"என்ன பாக்குறீங்க?" என்றாள் அவள். "கேட்டைத் திறந்துட்டான், எடுங்க வண்டியை!"