கொலரில் ஒட்டிய சாதாழை

"ஹோரேஸ் உண்மையாத்தான் ஓடுறாரா, மகள்?" என்று நோறா அன்ரி ஒருநாள் கேட்டார். எனக்கும் சந்தேகம்தான், அதைக் கொப்பியில் மட்டும் எழுதியிருந்தேன்.

அறுபது தாண்டிய இருவரும் ஞாயிற்றுக்கிழமை மரதனுக்குச் சேர்ந்து பெயர் கொடுத்தவர்கள். அவர் பக்கத்தில் ஓடி வருவார் என்ற தைரியத்தில்தான் முழங்கால் நோவோடு அன்ரியும் ஓடுகிறார். பயிற்சிக்கு இருவரும் தனித்தனியாக ஓடுவார்கள்; வாவிப் பாலத்தடியில் இருந்து நேரம் குறிப்பது நான்.

இன்று ஹோரேஸ் அங்கிள் சேர்ட் சொட்டச் சொட்ட வந்தார்.

"பத்தொன்பது கிலோமீற்றர்! எழுது புள்ள."

தலைமயிர் காய்ந்திருந்தது. கொலரில் வாவித் தண்ணீரில் மிதக்கும் பச்சைச் சாதாழை ஒட்டியிருந்தது. அன்ரி அதைக் கிள்ளி எடுத்தார்.

"இதென்ன, வாவிக்கும் வேர்க்குதா? போன கிழமை டொக்டரிட்ட போனீங்களே, அவர் ஓட வேணாம் எண்டுட்டாரா, ஹோரேஸ்?"

அங்கிள் சப்பாத்தைக் கழற்றி என் பக்கத்தில் வைத்தார். வெறுங்காலோடு நடந்து போனார்.